காந்தாரம் இல்லாத கிட்டார்

வீட்டில் ஹார்மோனியமோ பிள்ளைகளின் கீபோர்டோ இருந்தால் எடுத்து வையுங்கள். ஒரு ச, அதற்கு மேலே ஒரு ப, இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். தம்புரா மீட்டினால் வருகிற அதே நிறைவு. அது சந்தோஷமா, சோகமா? இரண்டும் இல்லை. இப்போது நடுவில் அந்தர காந்தாரத்தைச் சேருங்கள், ஒலி மலர்ந்துவிடும். அதை அரைச் சுரம் கீழே இறக்கிச் சாதாரண காந்தாரமாக்குங்கள், அதே ச-ப மேல் மேகம் கவிந்த மாதிரி ஆகிவிடும். சந்தோஷமா சோகமா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை முழுக்கக் காந்தாரத்தின் கையில் இருக்கிறது.

பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசையின் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் வாசிப்பது காந்தாரம் இல்லாத அந்த ச-ப ஜோடியைத்தான். பவர் கார்டு என்பார்கள். இதற்கு இரண்டு காரணம். ஆம்ப்ளிஃபயரை முறுக்கி ஒலியைக் கரகரக்க வைக்கும்போது காந்தாரமும் சேர்ந்தால் எல்லாம் கூழாகிவிடும். ச-ப மட்டும் என்றால் கனமாக, தெளிவாக நிற்கும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: விரல்களை ஒரே வடிவத்தில் வைத்துக்கொண்டு கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினாலே பாட்டு வந்துவிடும். போன மாதம் கிட்டார் வாங்கின பையன் இந்த மாதம் மேடையேறலாம். வித்வான் ஆக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் பங்க் கொண்டுவந்த பெரிய விடுதலை.

அந்த இசையில் தொலைந்துபோன காந்தாரம் எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் இங்கே சொல்லப்போகிற கதை. மெலடிக் ஹார்ட்கோர், எமோ என்று இரண்டு பெயர்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். எமோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நெற்றியை மறைத்துக் கண்ணில் விழும் கறுப்பு முடியும், ஆண்பிள்ளைகள் தீட்டிய கண் மையும்தான். ஃபால் அவுட் பாய், மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற பெயர்களும் காதில் விழுந்திருக்கலாம். அந்தக் குழுக்கள் உலகம் சுற்றுவதற்குப் பத்து வருடம் முன்னால், அந்த ஒலியின் அடிப்படையைப் போட்டுவிட்டுக் கலைந்துபோன ஒரு குழு இருந்தது. பெயர் லைஃப்டைம். ஊர் நியூ ஜெர்சி.

அதற்கு முன் ஹார்ட்கோர் என்றால் என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் பிறந்தது. ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. நான்கைந்து வருடத்தில் அமெரிக்காவில் அடுத்த தலைமுறைப் பையன்களுக்கு அந்த வேகம் போதவில்லை. கலிஃபோர்னியாவில் பிளாக் ஃபிளாக், வாஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், மைனர் த்ரெட் ஆகிய குழுக்கள் அதையே இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தன. பல பாட்டுகள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான். அதுதான் ஹார்ட்கோர். டிரம்ஸைக் கவனித்தால் எளிதாகப் பிடிபடும்: காலால் ஒரு டும், கையால் ஒரு டாக், மாறி மாறி, நிற்காமல், டும்டாக்டும்டாக் என்று ஓடும். நிமிடத்துக்கு 200 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை அந்தக் காலப்பிரமாணத்தில் போட்டால் ஓர் ஆவர்த்தனம் இரண்டரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

கிட்டாரில் காந்தாரம் இல்லை. பாடகர் கத்துகிறார், கத்தலுக்குச் சுரமே இல்லை. ஆக மொத்தப் பாட்டிலும் காந்தாரம் நுழைய இடமில்லை. கோபம் இருக்கிறது, கொள்கை இருக்கிறது. 'நாம்', 'அவர்கள்' என்று பேசுகிற பாட்டுகள். போலீஸ், அரசு, குடிப்பழக்கம், போலித்தனம். நம் இலக்கணப்படி சொன்னால் எல்லாமே புறத்திணை.

அகத்திணை 1985 வாக்கில் வந்தது. அந்தக் கோடையில் வாஷிங்டனில் ஹார்ட்கோர் மேடைகளின் அடிதடி வெறுத்துப்போன சிலர் புதிய குழுக்கள் தொடங்கினார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு சொந்த மனவேதனையை, இழப்பை, ஏக்கத்தைப் பாடியது. பாட்டு நடுவே குரல் உடையும். யாரோ அதற்கு இமோஷனல் ஹார்ட்கோர் என்று பெயர் வைத்தார்கள், அது சுருங்கி எமோகோர் ஆகி, கடைசியில் எமோ ஆயிற்று. அந்தப் பெயரை அப்போதே யாருக்கும் பிடிக்கவில்லை. இன்றுவரை எமோ என்று அழைக்கப்படும் குழுக்களில் பாதிக்கு மேல் "நாங்கள் எமோ இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த வருடமே அதே ஊரில், மைனர் த்ரெட் குழுவில் இருந்த பிரையன் பேக்கர் தன்னுடைய புதிய குழுவான டேக் நேஸ்டியோடு 'கேன் ஐ சே' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். வேகம் பழைய வேகம்தான். ஆனால் கிட்டார் ச-ப-வை மட்டும் இடிக்காமல் தனியாக ஒரு மெட்டையும் இழுத்தது. பாடகர் கத்தலுக்கும் பாடலுக்கும் நடுவில் நின்றார். மெலடிக் ஹார்ட்கோர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இந்த ஆல்பத்தைத்தான் காட்டுவேன். கலிஃபோர்னியாவின் டிசெண்டன்ட்ஸ், மின்னசோட்டாவின் ஹஸ்கர் டூ என்று வேறு குழுக்களைக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது, அதில் இறங்கினால் இந்தக் கட்டுரையும் முடியாது.

இனி லைஃப்டைம்.

நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஐடி வேலைக்குப் போன யாராவது ஓர் உறவினர் அந்தப் பக்கம் இருப்பார். எடிசன் பக்கமிருந்து ராரிட்டன் ஆற்றைத் தாண்டினால் நியூ பிரன்ஸ்விக். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். மாணவர்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்துத் தங்குகிற பழைய மர வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கும். அந்த வீடுகளுக்கெல்லாம் பேஸ்மெண்ட் உண்டு. தலை இடிக்கிற உயரம், தண்ணீர் சூடாக்கும் பாய்லர், குழாய்கள், ஈர வாடை. அதே பேஸ்மெண்ட்டுகளில்தான் கச்சேரி. மேடை கிடையாது. பாடகருக்கும் கேட்பவருக்கும் ஒரு முழம் இடைவெளி. மைக்கை யார் வேண்டுமானாலும் பிடித்து இழுத்துக் கூடவே பாடலாம். வாசலில் வசூலாகிற சில டாலர்கள் வெளியூரிலிருந்து வேனில் வந்த குழுவின் பெட்ரோல் செலவுக்கு. போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னால் அன்றைய கச்சேரி அத்தோடு சரி.

லைஃப்டைம் 1990இல் இந்தச் சூழலில் பிறந்தது. ஆரி காட்ஸ் பாடகர், டான் யெமின் கிட்டார். மற்ற இடங்களில் ஆட்கள் வந்தும் போயும் இருந்தார்கள். முதல் ஆல்பம் 'பேக்கிரவுண்ட்' 1992இல் வந்தது. சுமாரான ஆல்பம்தான், குழு இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மூன்று வருடத்தில் என்ன ஆயிற்றோ, 1995இல் வந்த 'ஹலோ பாஸ்டர்ட்ஸ்' வேறு குழுவின் வேலை மாதிரி இருக்கும். 1997இல் 'ஜெர்சிஸ் பெஸ்ட் டான்சர்ஸ்'. இரண்டும் டெலாவேரைச் சேர்ந்த ஜேட் ட்ரீ என்ற சின்ன லேபிளில், அதாவது ஆல்பம் வெளியிடும் கம்பெனியில், வந்தவை. எதுவும் அரைமணி நேரம் ஓடாது. இரண்டாவது வந்த அதே வருடம் குழு கலைந்துவிட்டது.

அந்த இரண்டு ஆல்பங்களில் செய்தது என்ன? அந்தச் சமயத்தில் கிழக்குக் கடற்கரை ஹார்ட்கோர் மெட்டல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. தடித்த கிட்டார், மெதுவான இடி, கூட்டத்தின் நடுவில் கை காலை வீசி ஆட்டம், உடம்பை முறுக்கிக் காட்டும் ஆண்மை. லைஃப்டைம் எதிர்த்திசையில் போனது. டிரம்ஸின் டும்டாக்கை அப்படியே விட்டார்கள், வேகத்தில் ஓர் இம்மிகூடக் குறைக்கவில்லை. மேலே போட்ட சரக்குதான் மாறியது.

முதலில் கிட்டார். ஒரு கிட்டார் பழையபடி ச-ப இடித்துக்கொண்டிருக்க, இன்னொன்று ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்துப் பிடித்து மெட்டை நகர்த்தும். ஆக்டேவ் கார்டு என்பார்கள். நாகஸ்வரத்தில் இரண்டு பேர் ஸ்தாயி மாற்றிச் சேர்ந்து வாசித்தால் ஓர் அகலம் வருமே, அது. இரைச்சலுக்கு நடுவிலும் மெட்டு அழியாமல் நிற்கும். இந்த ஒரு விரல்வித்தையைப் பிடித்துக்கொண்டு பிற்கால எமோ குழுக்கள் ஆல்பம் ஆல்பமாகப் போட்டன.

பிறகு குரல். காட்ஸ் நல்ல பாடகர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்கும், வார்த்தையைப் பாதி விழுங்குவார், வரியின் முடிவை எங்கோ தொலைத்துவிடுவார். முதல் தடவை கேட்கும்போது ஒரு வார்த்தை விளங்காது. ஆனாலும் கரகரப்புக்கு அடியில் அவர் பாடிக்கொண்டே இருக்கிறார். கிட்டார் காலியாக விட்ட அந்தக் காந்தாரம் அவர் தொண்டையிலிருந்துதான் வருகிறது. பாட்டு இப்போது சிரிக்கிறதா, அழப்போகிறதா என்பதை அவர் குரல்தான் முடிவு செய்கிறது. இரண்டரை விநாடி ஆவர்த்தனத்தில் ஓடிக்கொண்டே ஒருவன் மனம் உடைந்து பேசினால் எப்படி இருக்கும்? பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் ஓட்டத்திலேயே காதலைச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். இந்த அவசரம்தான் எனக்கு லைஃப்டைமில் மிகவும் பிடித்தது. சோகத்தை உட்கார்ந்து அனுபவிக்க அவர்களுக்கு நேரமில்லை.

மூன்றாவது, பேச்சு. தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு பாட்டின் பெயர் 'ஐம் நாட் காலிங் யூ', அதாவது உனக்கு ஃபோன் பண்ண மாட்டேன். ஒரு ஹார்ட்கோர் குழு அரசாங்கத்தை விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று 'ஐரனி இஸ் ஃபார் சக்கர்ஸ்', நக்கலடிப்பதெல்லாம் ஏமாளிகளின் வேலை என்று பொருள். எதையும் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பதே புத்திசாலித்தனம் என்று 90களின் அமெரிக்க இளைஞர்கள் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படி ஒரு தலைப்பு வைக்க நெஞ்சழுத்தம் வேண்டும். 'ஃபிரான்சி நோலன்' என்று ஒரு பாட்டு. அது ஒரு பழைய அமெரிக்க நாவலின் நாயகி, புரூக்ளினில் வறுமையில் வளர்ந்து புத்தகம் புத்தகமாகப் படித்துத் தள்ளும் சிறுமி. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இவர்களுக்கு அதெல்லாம் தெரியாது, பெயர் சொல்லியே பாடினார்கள்.

ஊரையும் பெயர் சொல்லியே பாடினார்கள். 'டர்ன்பைக் கேட்ஸ்' என்றால் ஜெர்சியின் நடுவே ஓடும் கட்டண நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி. சென்னையில் ஒரு குழு தன் காதல் பாட்டுக்குப் பரனூர் டோல்கேட் என்று பெயர் வைத்தால் எப்படியோ அப்படி. இன்னொரு பாட்டுக்கு 'தீம் சாங் ஃபார் எ நியூ பிரன்ஸ்விக் பேஸ்மெண்ட் ஷோ' என்றே தலைப்பு. தங்கள் கச்சேரி நடக்கிற நிலவறைக்கே ஒரு வாழ்த்துப்பா.

இவர்கள் பாட்டை முப்பது ஆண்டு கழித்தும் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விற்பனைக் கணக்கில் ஒன்றும் இல்லை. டிவியில் வரவில்லை, பெரிய கம்பெனி கைவைக்கவில்லை, அலை எழும்புவதற்கு நான்கைந்து வருடம் முன்பே கடையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பேஸ்மெண்ட்டுகளில் ஒரு முழ தூரத்தில் நின்று கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கிட்டாரை எடுத்தார்கள்.

முதலில் எடுத்தவர்களில் ஒரு கூட்டம், பக்கத்து ஊரான பிரின்ஸ்டனின் சேவ்ஸ் த டே. பதின்வயதுப் பையன்கள். 1998இல் வந்த இவர்களின் முதல் ஆல்பம் 'காண்ட் ஸ்லோ டவுன்'. லைஃப்டைம் கலைந்த துக்கத்தில் இருந்தவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினால் இது அவர்களின் விட்டுப்போன ஆல்பமோ என்று கேட்டிருப்பார்கள், அவ்வளவு ஒற்றுமை. லைஃப்டைமின் இரண்டு ஆல்பங்களையும் பதிவு செய்த ஸ்டீவ் எவட்ஸ்தான் இதையும் பதிவு செய்தார். காப்பியடித்தார்கள் என்று அந்தக் காலத்தில் ஏசினவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, குருவின் பாணியைப் பிடிக்காமல் எந்தச் சீடனும் முதல் கச்சேரி செய்ததில்லை. அடுத்த வருடம் வந்த 'த்ரூ பீயிங் கூல்' ஆல்பத்தில் சேவ்ஸ் த டே தன் பாணியைக் கண்டுபிடித்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், குரலை முன்னால் கொண்டுவந்தார்கள், வார்த்தை விளங்கும்படி பாடினார்கள். அவ்வளவுதான், 2000களின் எமோவுக்கு அச்சு தயாராகிவிட்டது.

இன்னொரு கிளை, நியூ பிரன்ஸ்விக்கிலேயே தன் வீட்டு பேஸ்மெண்ட்டில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த ஜெஃப் ரிக்லி. அவருடைய குழு தர்ஸ்டே, 2001இல் 'ஃபுல் கொலாப்ஸ்' ஆல்பத்தால் பேர் வாங்கியது. இசை இன்னும் இருண்டது, அலறல் கூடியது. ஆனால் வளர்ந்த தெரு ஒன்றுதான். அந்த ரிக்லி 2002இல் அதே மாநிலத்தின் ஒரு புதுக் குழுவுக்கு முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். அந்தக் குழுதான் மை கெமிக்கல் ரொமான்ஸ்.

மூன்றாவது கிளை சிகாகோ பக்கம் போகிறது. ஃபால் அவுட் பாய் குழுவின் பீட் வென்ட்ஸ் பாப் நட்சத்திரம் ஆவதற்கு முன் சிகாகோ ஹார்ட்கோர் குழுக்களில் இருந்தவர். 2005இல் அவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவே பாடுகிற அளவுக்குப் போயிற்று. கையில் காசு வந்ததும் வென்ட்ஸ் தன் டெக்கேடான்ஸ் லேபிளில் சேர்த்துக்கொண்டவர்களில் லைஃப்டைமும் ஒன்று. 2005இல் மீண்டும் கூடியிருந்த குழு, 2007இல் தன் பெயரையே தலைப்பாக்கி ஓர் ஆல்பத்தை அங்கே வெளியிட்டது. மாணவன் நடத்துகிற பள்ளியில் வாத்தியார் போய்ச் சேர்ந்த கதை. ஆல்பமும் நன்றாகவே இருந்தது. பத்து வருட இடைவெளி அதில் தெரியவே இல்லை, டும்டாக் அதே வேகத்தில் ஓடியது.

எமோ பக்கம் போனவர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெலடிக் ஹார்ட்கோர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது டான் யெமினே. லைஃப்டைம் கலைந்ததும் பிலடெல்ஃபியாவில் கிட் டைனமைட் என்ற குழுவைத் தொடங்கினார். சேவ்ஸ் த டே வேகத்தைக் குறைத்தது என்றால் இவர் நீளத்தைக் குறைத்தார். மெட்டு உண்டு, ஆனால் ஒரு நிமிடத்தில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் பெயரே 'ஷார்ட்டர், ஃபாஸ்ட்டர், லவுடர்'. குட்டையாக, வேகமாக, சத்தமாக. அதற்குப் பிறகு பெயிண்ட் இட் பிளாக் என்ற குழுவில் அவரே பாடகரும் ஆனார். தொழிலால் உளவியலாளர் என்பது சிரிக்கிற செய்தியா, பொருத்தமான செய்தியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆக ஒரே குழம்பை இரண்டு அடுப்பில் வைத்தார்கள். வேகத்தை இறக்கிக் குரலை ஏற்றினால் எமோ. வேகத்தை விடாமல் மெட்டைச் சுண்டக் காய்ச்சினால் இன்றைய மெலடிக் ஹார்ட்கோர். இரண்டிலும் லைஃப்டைமின் புளி இருக்கிறது.

இனிக் கேட்கலாம். 'ஜெர்சிஸ் பெஸ்ட் டான்சர்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள், முதல் பாட்டே 'டர்ன்பைக் கேட்ஸ்'. நல்ல ஹெட்ஃபோனில், கொஞ்சம் சத்தமாக. முதல் தடவை எதுவும் புரியாது, விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள், தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் கை வலிக்கும். மூன்றாவது தடவை இரண்டு கிட்டாரில் எது இடிக்கிறது, எது பாடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். அதன்பின் 'ஹலோ பாஸ்டர்ட்ஸ்'. அதில் ஹஸ்கர் டூ குழுவின் 'இட்ஸ் நாட் ஃபன்னி எனிமோர்' பாட்டை இவர்கள் தங்கள் பாணியில் வாசித்திருக்கிறார்கள். மூலத்தையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரிடமிருந்து என்ன வாங்கினார்கள் என்று காதுக்கே தெரியும். 'காண்ட் ஸ்லோ டவுன்' அதற்கு அடுத்து.

இதற்குள் காட்ஸின் குரல் பழகியிருக்கும். கீபோர்டை இன்னும் மூடி வைக்கவில்லை என்றால் பாட்டின் சுருதியைக் கண்டுபிடித்து ச-ப-வை அழுத்திக்கொண்டு, அவர் வரியின் முடிவில் எந்தக் காந்தாரத்தில் வந்து இறங்குகிறார் என்று தேடிப் பாருங்கள். சில வரிகளில் மேலுள்ளதற்கும் கீழுள்ளதற்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் அகப்படாத ஓர் இடத்தில் வந்து நிற்பார்.